மாசி பங்குனிக் காவிரியில் கெண்டையும் பூச்சித் தூண்டிலும்

காவிரியின் கெண்டை மீன்களுக்கு ஆண்டு இரண்டு பாதி: நீர் ஏறும் பாதி, நீர் இறங்கும் பாதி. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறக்கப்படும். ஜனவரி 28 அன்று மூடப்படும். மழை பொய்த்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போவதுண்டு. மூடிய பிறகு குடிநீருக்காக விடப்படும் சிறிதளவு நீரும் வழியில் மணலிலிருந்து ஊறும் கசிவும்தான் திருச்சிராப்பள்ளி வரை வந்து சேரும். கரைக்குக் கரை தொட்டு ஓடிய ஆறு, மாசியில் மணல்வெளிக்கு நடுவே சில கால்களாகப் பிரிந்து ஓடும். பங்குனியில் அந்தக் கால்களும் ஆங்காங்கே அறுந்து மடுக்கள் மட்டும் மிஞ்சும். பரந்த வெள்ளத்தில் எங்கே இருக்கிறதென்று தெரியாத மீன், இப்போது முழங்கால் அளவுத் தெளிந்த நீரில் கண்ணுக்குத் தெரிகிறது. ஃப்ளை ஃபிஷிங் என்று உலகம் அழைக்கும் பூச்சித் தூண்டில் முறையில் கெண்டையைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே பிடிக்கிறார்கள். ஆகவே ஸ்ரீரங்கத்தைச் சுற்றிய ஆற்றில் அதற்கு ஏற்ற காலம் இந்த இரண்டு மாதங்களே.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கெண்டையைப் பூச்சித் தூண்டிலில் பிடிப்பவர்களும் ஏறக்குறைய இதே மாதங்களை எதிர்பார்த்திருப்பார்கள். அங்கே காரணம் வேறு. குளிர்காலம் முழுவதும் ஆழத்தில் அசைவற்றுக் கிடக்கும் சாதாக் கெண்டை, நீரின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மெல்ல இரை தேடத் தொடங்கும். வெயிலில் சீக்கிரம் சூடேறும் ஆழமற்ற ஓரங்களுக்கு அது வரும். 18 டிகிரியை ஒட்டி முட்டையிடத் தயாராகும். அங்கே மீனின் இருப்பிடத்தைச் சொல்வது வெப்பமானி. திருச்சியில் எந்த மாதத்திலும் ஆறு கெண்டையை முடக்கும் அளவுக்குக் குளிர்வதில்லை. மார்ச் மாதப் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தொடுகிறது. பசி எப்போதும் உண்டு. மாறுவது நீரின் அளவும் தெளிவுமே. எனவே வெளிநாட்டுக் கையேடுகளில் உள்ள வெப்ப அட்டவணையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பயன் இல்லை. இங்கே படிக்க வேண்டியது, நீர் இறங்க இறங்க மணலில் விழும் ஈரக்கோடு.

ஆற்றின் அமைப்பு

திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி என்ற பெயரையே வைத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தீவில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர் மேலும் மேலும் அந்தப் பக்கமே சரிந்து, தஞ்சைக்குப் போகும் காவிரி மணல் மேடிட்டு வந்தது. அதைத் தடுக்க ஆர்தர் காட்டன் 1836க்கும் 1838க்கும் இடையில் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தின்போது, அதன் 9 மதகுகள் இடிந்து விழுந்தன. அதன் பிறகு கொள்ளிடத்தின் குறுக்கே புதிய கதவணை கட்டப்பட்டது. தீவின் கிழக்கு முனையை ஒட்டிக் கல்லணை இருக்கிறது.

மீனைத் தேடுகிறவருக்கு இந்தக் கட்டுமானங்கள் வெறும் வரலாறு அல்ல. மதகிலிருந்து வேகமாக விழும் நீர் கீழே மணலைத் தோண்டிக் குழி பறிக்கிறது. அணையைத் தாண்டி மேலே போக முடியாத மீன் அந்தக் குழிகளில் கூடுகிறது. பாலத் தூண்களிலும் இதே வேலை நடக்கிறது. ஓட்டம் தூணில் மோதி, கீழ்நோக்கித் திரும்பி, தூணின் அடியைச் சுற்றிச் சுழித்து மணலை வாரிக்கொண்டு போகும். வெள்ளம் வடிந்த பிறகும் அந்தப் பள்ளம் நீரோடு நிற்கும். மாசியில் காவிரியின் மற்றப் பகுதிகள் கணுக்கால் ஆழத்துக்கு இறங்கும்போது, தூணடிப் பள்ளங்களும் வளைவின் வெளிக்கரையை ஒட்டிய மடுக்களும் கெண்டைகளின் புகலிடமாகின்றன. பகலில் மீன் அங்கே ஒதுங்கி, காலையிலும் மாலையிலும் பக்கத்து மணல் தட்டுகளுக்கு ஏறி மேயும். பள்ளத்துக்கும் தட்டுக்கும் இடையே உள்ள சரிவுதான் தூண்டிலுக்கு உரிய இடம்.

கதவணைகளுக்கு அருகில் முன்னறிவிப்பின்றி நீர் உயரக்கூடும். ஆற்றுமணலில் எடுத்த குழிகள் நீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். இறங்கி நின்று பிடிப்பதைவிடக் கரையிலிருந்து பிடிப்பதே இந்த ஆற்றுக்கு ஏற்றது.

எந்தக் கெண்டை

கெண்டை என்று சந்தையில் ஒரே பெயரில் விற்கப்படுபவை பல இனங்கள். காவிரிக்கு உரியவற்றில் மூன்று முக்கியம்: வெண்கெண்டை, சேல் கெண்டை, கருமுழிக் கெண்டை. முதல் இரண்டையும் ஜெர்மானிய மீனியலாளர் மார்கஸ் பிளாக் 1795இல் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். கருமுழிக் கெண்டையைத் தென்னிந்திய விலங்குகளை ஆராய்ந்த தாமஸ் ஜெர்டன் 1849இல் விவரித்தார். சென்னைப் படையில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில் இவற்றை இடம்பெறச் செய்தார். மூன்றும் அடியில் மேய்பவை. கல்லில் படிந்த பாசியையும் வண்டலையும் சுரண்டித் தின்பதற்கு ஏற்ப இவற்றின் வாய் கீழ்நோக்கி அமைந்திருக்கிறது.

பிறகு வந்தவை வடக்கத்திக் கெண்டைகள். தோப்பா மீன் எனப்படும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டு, குளங்களிலிருந்தும் நீர்த்தேக்கங்களிலிருந்தும் ஆற்றுக்குப் பரவின. கட்லாவின் வாய் மேல்நோக்கியது. மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். ரோகு நடுமட்டம், மிர்கால் அடிமட்டம். குளத்தில் மூன்றையும் சேர்த்து வளர்ப்பதற்கு இந்தப் பங்கீடே அடிப்படை. ஆற்றில் ஒரு மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதைக் கொண்டே அது எதுவாக இருக்கலாம் என்று ஊகிக்கவும் இது உதவும்.

பூச்சித் தூண்டில் உலகம் கெண்டை என்று சொல்வது இவை எதையும் அல்ல, சாதாக் கெண்டையை. அதன் தாயகம் ஐரோப்பாவும் ஆசியாவின் சில பகுதிகளும். ஜெர்மன் வகை 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. சமவெளியின் வெப்பத்தைத் தாங்கும் பாங்காக் வகை 1957இல் கட்டாக்குக்கு வந்து, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. இன்று தமிழகக் குளங்களில் அது சாதாரணம். இரு இணை மீசைகளும், குழாய்போல் முன்னே நீளும் வாயும், வண்டலைக் கிளறிக் கலக்கும் பழக்கமும் அதன் அடையாளங்கள்.

காவிரியின் மிகப் பெரிய மீனான திமில் மகசீரும் கெண்டைக் குடும்பமே. 1946இல் கர்நாடகத்தில், காவிரியின் கிளையாறான கபினியில் தூண்டிலில் பிடிபட்ட ஒரு மீன் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ இருந்தது. அதன் வாழிடம் மேட்டூருக்கு மேலே உள்ள காவிரியும் மோயாறு போன்ற கிளைகளும். 2018 முதல் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. ஸ்ரீரங்கத்துக் கரையில் அதை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

உடலும் புலன்களும்

கெண்டைக்குத் தாடையில் பல் இல்லை. வயிறும் இல்லை. வாயில் புகுந்த இரை தொண்டைப் பற்களில் அரைபட்டு நேரே குடலுக்குப் போகிறது. தொண்டைப் பற்கள் கடைசிச் செவுள் வளைவில் அமைந்தவை. மேலே உள்ள கடினமான மேடையில் வைத்து அவை நத்தை ஓட்டையும் தானியத்தையும் நொறுக்கும். இரையைச் சேர்த்து வைக்க வயிற்றுப் பை இல்லாததால் கெண்டை ஒரே வேளையில் நிறையத் தின்றுவிட்டு ஓய்வதில்லை. நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக மேய்கிறது. விரால் ஒரு பெரிய தவளையை விழுங்கிவிட்டால் மறுபடி பசிக்க நேரமாகும். கெண்டை அப்படியல்ல. அடிமணலில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து மேயும் கெண்டைக்கு முன்னால் சரியான இடத்தில் சிறு இரை விழுந்தால், அதை எடுத்துப் பார்ப்பதற்கு அது பெரும்பாலும் தயாராகவே இருக்கும்.

எடுத்துப் பார்ப்பது என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கெண்டை இரையைக் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. வாயின் கொள்ளளவை நொடியில் பெருக்கி, மணலோடும் நீரோடும் இரையை உள்ளே இழுக்கும். வாயின் மேல்அண்ணத்தில் தசையால் ஆன, சுவை மொட்டுகள் நிறைந்த ஓர் உறுப்பு உண்டு. அது இரையைப் பிடித்து நிறுத்திக்கொள்ள, மணல் வெளியே துப்பப்படும். இரை பிடிக்காவிட்டால் அதுவும் துப்பப்படும். இவ்வளவும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடலாம். தக்கைத் தூண்டிலில் மண்புழுவோ கோதுமை மாவு உருண்டையோ இருந்தால் அதன் சுவை மீனைச் சற்று நேரம் தாமதிக்க வைக்கும். இறகும் நூலும் கொண்ட செயற்கைப் பூச்சிக்குச் சுவை கிடையாது. மீன் வாயைத் திறந்து மூடும் அந்தக் கணம் மட்டுமே தூண்டில்காரருக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

பார்வையைப் பொறுத்தவரை, நீருக்கடியிலிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுதும் ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரிகிறது. ஒளி விலகலின் விளைவு இது. மீனின் கண்ணிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பின் கோணம் சுமார் 97 டிகிரி. அதற்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடியாகி, ஆற்றின் அடித்தரையைப் பிரதிபலிக்கும். அரை மீட்டர் ஆழத்தில் நிற்கும் கெண்டைக்கு வட்டத்தின் விட்டம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். கரையில் நிற்பவரின் உருவம் வட்டத்தின் ஓரத்தில் நசுங்கித் தெரியும். நீர்ப்பரப்போடு 10 டிகிரிக்கும் குறைவான கோணத்தில் இருப்பவை மிகவும் மங்கிவிடுகின்றன. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் நின்றபடி அந்தக் கோணத்துக்குள் மறைய வேண்டுமானால் மீனிலிருந்து 9 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குந்தி உட்கார்ந்து உயரத்தைப் பாதியாக்கினால் நாலரை மீட்டர் போதும். நீர் தெளிந்த பங்குனியில் இந்தக் கணக்கு எந்தக் கருவியைவிடவும் முக்கியம். சாம்பல், காக்கி, மணல் நிற உடை உதவும். வெள்ளைச் சட்டையும் கோலின் பளபளப்பும் மீனை விரட்டும்.

கேட்கும் திறன் அதைவிடக் கூர்மையானது. கெண்டையின் காற்றுப்பையை உட்காதோடு இணைக்கும் சிறு எலும்புகளின் வரிசையை எர்ன்ஸ்ட் ஹைன்ரிச் வெபர் 1820இல் விவரித்தார். நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் வேகத்தில் போகிறது. அது காற்றுப்பையை அதிரச் செய்ய, அந்த அதிர்வை எலும்புகள் காதுக்குக் கொண்டுசேர்க்கின்றன. மீனுக்குக் காது கேட்காது என்று பலர் நம்பிய காலத்தில், விசில் ஒலிக்கு இரை தேடி வரும்படி ஒரு கெளுத்தி இன மீனைப் பழக்கி, அந்த முடிவை 1923இல் வெளியிட்டார் கார்ல் வான் ஃபிரிஷ். தேனீக்களின் நடனத்தை விளக்கி 1973இல் நோபல் பரிசு பெற்றவர் அவரே. கெளுத்திக்கும் கெண்டைக்கும் இந்த எலும்பு அமைப்பு பொது. கரையில் பேசும் பேச்சின் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். ஆனால் படித்துறைக் கல்லில் விழும் காலடி, தரை வழியாக நேரே நீருக்குள் போகும். மென்மணல் அந்த அதிர்வைத் தணிக்கும் என்பதால், கற்படியைவிட மணல்கரை தூண்டிலுக்கு நல்லது.

வான் ஃபிரிஷ் 1938இல் இன்னொன்றையும் கண்டார். கெண்டைக்கு உறவான ஒரு சிறு மீனின் தோல் காயப்பட்டபோது, அதிலிருந்து நீரில் கரைந்த ஒரு வேதிப்பொருள் கூட்டத்தின் மற்ற மீன்களைக் கலைத்தது. கெண்டைக் குடும்பத்தில் பரவலாகக் காணப்படும் இயல்பு இது. முள் குத்திய ஒரு மீன் தப்பிய பிறகு, அந்த மடுவில் மறுபடி மறுபடி வீசுவது வீண்முயற்சியாக முடியக்கூடும். வேறு மடுவுக்கு நகர்வது நல்லது.

இரையும் அதன் போலியும்

செயற்கைப் பூச்சி என்பது முள்ளின் மேல் நூல், இறகு, மயிர், கம்பளி ஆகியவற்றைச் சுற்றிக் கட்டிய இரையின் போலி. மாசிடோனியாவின் ஓர் ஆற்றில் சிவப்புக் கம்பளியும் சேவல் இறகும் கட்டிய முள்ளால் மீன் பிடித்ததை ஏலியன் என்ற எழுத்தாளர் கி.பி. 200ஐ ஒட்டிக் குறிப்பிட்டிருக்கிறார். போலி செய்வதற்கு முன் அசல் எது என்று தெரிய வேண்டும்.

நீர் இறங்கிய காவிரியில் கெண்டைக்குக் கிடைக்கும் இரையில் பெரும்பங்கு அடித்தரையில் இருக்கிறது. வண்டலில் வாழும் கொசு போன்ற பூச்சிகளின் சிவந்த புழுக்கள் அவற்றில் முதன்மையானவை. ஆக்சிஜன் குறைந்த சேற்றில் வாழ்வதற்காக அவற்றின் உடலில் ஹீமோகுளோபின் இருக்கிறது. சிவப்பு நிறம் அதனால் வருவது. பாசிப் படுகைகளில் தட்டானின் நீர்வாழ் இளம்பருவம், சிறு இறால், நத்தை ஆகியவை உண்டு. முள்ளில் சிவப்பு நூலை இறுக்கிச் சுற்றினாலே சிவந்த புழு ஆகிவிடும். பழுப்பு அல்லது பச்சை கலந்த பழுப்புக் கம்பளி உடம்பும் மெல்லிய சேவல் கழுத்திறகும் சேர்ந்தால் தட்டானின் இளம்பருவம். கண் போல இரு சிறு உலோக மணிகளைக் கட்டினால் முள்முனை மேல்நோக்கித் திரும்பி, அடியில் சிக்காமல் அமரும். உள்ளங்கை அகலப் பூச்சி தேவையில்லை. ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் நீளம் போதும்.

மேல்பரப்பில் கிடைப்பவையும் உண்டு. கரையோர மரங்களிலிருந்து விழும் எறும்பு, வண்டு, அத்திப்பழம் ஆகியவற்றை மேலெழுந்து எடுக்கும் கெண்டைகள் இருக்கின்றன. பவானியிலும் மேல் காவிரியிலும் வாழும் கர்நாடகக் கெண்டை, விழும் பழத்துக்காக மரத்தடி நீரில் காத்திருக்கும் மீன் என்று பெயர் பெற்றது. சென்னை மாகாண அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873இல் வெளியிட்ட 'த ராட் இன் இந்தியா' நூலில் இந்த மீனைப் பற்றித் தனியே எழுதினார். 1887இல் குளத்துத் தூண்டிலுக்கென்றே 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்ற இன்னொரு நூலும் வெளியிட்டார். மேலை நாட்டு முறையைத் தென்னிந்தியக் கெண்டையோடு பொருத்திப் பார்த்த முதல் முயற்சிகளில் இவை முக்கியமானவை. மீன் எதைத் தின்கிறது என்பதை முதலில் பார், பிறகு தூண்டிலைத் தேர்ந்தெடு என்ற ஒழுங்கு அவருடைய அணுகுமுறையில் உண்டு. அதுவே இன்றும் சரியான வரிசை.

தெப்பக்குளங்களில் மக்கள் போடும் பொரிக்கு மீன்கள் திரண்டு வருவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அப்படிப் பழகிய மீன் பொரி போன்ற எந்த வெள்ளைப் பொருளையும் எடுக்கும். ஆனால் கோயில் குளத்து மீன் தூண்டிலுக்கு உரியதல்ல. அங்கே முள் போடுவது ஊர் வழக்கத்துக்கும் நம்பிக்கைக்கும் எதிரானது.

கோலும் கயிறும்

திருச்சிக் கரைகளில் வழக்கமானது தக்கைத் தூண்டில். மூங்கில் கோல், நரம்பு, மயிலிறகுத் தண்டாலோ நெட்டியாலோ ஆன தக்கை, ஈயக்குண்டு, முள். அதில் எடை இருப்பது நரம்பின் நுனியில். ஈயமும் இரையும் பறந்து போக, எடையற்ற நரம்பு பின்னால் இழுபட்டுச் செல்கிறது. பூச்சித் தூண்டிலில் இது தலைகீழ். பூச்சியின் எடை பெரும்பாலும் அரை கிராம்கூட இருக்காது; அதைத் தனியே வீசினால் காற்றின் தடையில் காலடியிலேயே விழும். ஆகவே எடை முழுவதும் கயிற்றில் வைக்கப்படுகிறது. கயிறுகளுக்கு எண் உண்டு. முதல் 30 அடியின் எடையைக் கொண்டு அந்த எண் தரப்படுகிறது: 6ஆம் எண் கயிற்றில் அது சுமார் 10.4 கிராம், 8ஆம் எண்ணில் 13.6 கிராம். கெண்டைக்கு இந்த வரம்பே ஏற்றது.

கோலைப் பின்னே வீசி, கயிறு முழுதும் பின்னால் நீண்ட பிறகு முன்னே வீசி, சட்டென்று நிறுத்தினால், கயிறு ஒரு வளையமாக மடிந்து முன்னோக்கி உருளும். வளையம் உருள உருள நகரும் கயிற்றின் நீளம் குறைந்துகொண்டே போகிறது. இருக்கும் ஆற்றல் குறைந்த எடையில் சேர்வதால் நுனி வேகம் பெறுகிறது. சாட்டையின் நுனி வெடிப்பதும் இதே இயற்பியல்தான். அந்த வேகத்தோடு பூச்சி நீரில் அறைந்தால் மீன் ஓடிவிடும். அதனால்தான் கயிற்றுக்கும் பூச்சிக்கும் இடையே, வர வர மெலியும் சுமார் 9 அடி நரம்பு சேர்க்கப்படுகிறது. மெல்லிய நரம்பில் காற்றின் தடை ஆற்றலைத் தின்றுவிட, பூச்சி மெதுவாக இறங்கும். பழக்கமில்லாதவர் செய்யும் பொதுப் பிழை, பின்வீச்சில் கயிறு நீளும்வரை பொறுக்காமல் முன்னே இழுப்பது. கருவேலமும் நாணலும் மண்டிய கரையில் பின்வீச்சுக்கு இடம் இருக்காது. கொள்ளிடத்து மணல்வெளி அதற்குத் தாராளமாக இடம் தருகிறது.

அணுகும் முறை

மேயும் கெண்டை மூன்று அடையாளங்களால் தெரியும்: சேற்றுப் புகை, குமிழி வரிசை, நீருக்கு மேலே தலைகாட்டும் வால் நுனி. புகை நகர்ந்துகொண்டே இருந்தால் மீன் மேய்கிறது. ஓரிடத்தில் அசையாமல் மேலே மிதந்து வெயில் காயும் மீன் இரையில் அக்கறை காட்டுவது அரிது. வேகமாகக் கடந்து போகும் மீனும் அப்படியே. மேயும் மீனைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை விட்டுவிட வேண்டும்.

நேர் தலைக்கு மேல் வீசக் கூடாது. மீன் போகும் திசையில், ஒன்றிரண்டு மீட்டர் முன்னே பூச்சியை இறக்கி, அடியில் அமரவிட்டு, மீன் நெருங்கும்போது விரற்கடை அளவு நகர்த்தினால் போதும். நீர் ஓடும் கால்களில் ஓட்டம் கயிற்றை வளைத்து இழுத்தால் பூச்சியும் செயற்கையாக நகரும். கயிற்றைத் தூக்கி மேலோட்டப் பக்கம் போட்டு அந்த இழுப்பைத் தணிக்க வேண்டும். மீனின் ஆழத்தைக் கண் ஏமாற்றும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். மேலிருந்து நேராகப் பார்த்தால் மீன் உண்மை ஆழத்தின் முக்கால் பங்கில் இருப்பதாகத் தோன்றும். சாய்வாகப் பார்க்கும்போது வேறுபாடு இன்னும் கூடும். கண்கூச்சத்தைக் குறைக்கும் போலராய்டு கண்ணாடி இங்கே ஆடம்பரம் அல்ல.

பிறகு பார்க்க வேண்டியது கயிற்றை அல்ல, மீனை. அது நின்று, தலை தாழ்த்தி, வாயின் வெண்மை ஒரு கணம் தெரிந்தால், கயிற்றை மென்மையாக இழுத்து இறுக்க வேண்டும். கோலை வேகமாக உயர்த்தினால் பூச்சி வாயிலிருந்து பறந்து, மீனும் கலையும். முள் ஏறியதும் பெரிய கெண்டை ஆழத்துக்கோ தூண்களுக்கோ பாயும். கயிற்றை விட்டுக்கொடுத்துப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்புவது மேல்நோக்கி இழுப்பதைவிடச் சீக்கிரம் மீனைத் தளர்த்தும்.

பாசியைச் சுரண்டும் கருமுழிக் கெண்டையும், நுண்ணுயிர் வடிகட்டும் கட்லாவும் செயற்கைப் பூச்சியை எளிதில் எடுப்பதில்லை. இது தூண்டில்காரரின் திறமைக் குறைவு அல்ல. அவற்றின் வாயும் உணவும் அப்படி. சாதாக் கெண்டையும் கெண்டையின் சிறு இனங்களுமே இந்த முறைக்கு அதிகம் இசைபவை.

முட்டையும் மூச்சும்

சாதாக் கெண்டை தேங்கிய நீரில் முட்டையிடும். தென்னிந்தியச் சமவெளியில் ஜனவரி முதல் மார்ச் வரையும், மறுபடி ஜூலை, ஆகஸ்டிலும் அதன் இனப்பெருக்கம் உச்சம் பெறுகிறது. ஒட்டும் தன்மையுள்ள முட்டைகள் வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகளில் பற்றிக்கொள்ளும். ஓரத்துச் செடிகளுக்கிடையே பல மீன்கள் ஒன்றையொன்று துரத்தி நீரை அடித்துக் கலக்கினால் அது முட்டையிடும் ஆரவாரம். அப்போது அவை இரை எடுப்பதில்லை. அவற்றைக் கலைக்காமல் விலகுவதே முறை.

உள்நாட்டுக் கெண்டைகளுக்கும் கட்லா வகைகளுக்கும் வேண்டியது வெள்ளம். அவற்றின் முட்டைகள் எதிலும் ஒட்டாமல் ஓட்டத்தில் உருண்டு போகும். தேங்கிய குளத்தில் அவை முட்டையிடாததால், குஞ்சுகளுக்காக ஆற்றையே நம்பியிருந்த நிலை, 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சாறு ஊசி மூலம் கெண்டையை முட்டையிட வைத்தபோது மாறியது. அந்த நாள் இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாள். ஆற்று மீனுக்கு ஊசி இல்லை. அதற்கு வெள்ளமே வழி. பங்குனியில் மடுவில் பிழைத்திருக்கும் ஒவ்வொரு தாய்மீனும் ஆடி வெள்ளத்தில் முட்டையிட வேண்டியது. குறுக்கணைகள் மீன்கள் மேலேறுவதைத் தடுப்பதைப் பிரான்சிஸ் டே 1873ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார். அணைக்குக் கீழே மடுவில் சிக்கிய மீனைக் கூட்டமாக வாருவது அந்தத் தடையின் விளைவைப் பெருக்குகிறது. வெடியும் நஞ்சும் வைத்து மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடைசெய்தது. வற்றிய மடுக்களில் அந்தக் குற்றம் செய்வது எளிது என்பதால் கண்காணிப்பு இந்த மாதங்களில்தான் அதிகம் தேவை.

பிடித்த மீனை விடுவதற்கு இங்கே குளிர்நாட்டைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் நீர் 10 டிகிரியில் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 20 டிகிரியில் அது 9.1 ஆகிறது. 30 டிகிரியில் 7.6தான். வெப்பம் கூடும்போது மீனின் தேவையும் கூடுகிறது. பாசி மண்டிய மடுவில் இரவு முழுவதும் செடிகளும் மூச்சு விடுவதால், விடியலுக்குச் சற்று முன் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும். அப்போது மீன்கள் மேலே வந்து வாயால் நீரை உறிஞ்சுவதைக் காணலாம். அது இரை தேடும் செயல் அல்ல, மூச்சுத் திணறல். தேங்கிய மடுவானால் வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்குவது சரி. ஓடும் காலானால் விடியற்காலையே நல்லது. இரு இடத்திலும் நண்பகலுக்கு முன் நிறுத்திவிட வேண்டும்.

முள்ளில் மீன் கழலாமல் பிடிக்கும் பின்னோக்கிய சிறு முனையைக் குறட்டால் அமுக்கிவிட்டால் முள் எளிதில் வெளிவரும். கையை நனைத்துக்கொண்டு தொட்டால் மீனின் மேலுள்ள வழவழப்புப் படலம் பெயராது. அந்தப் படலமே தொற்றிலிருந்து அதைக் காப்பது. சுடுமணலில் மீனைக் கிடத்தக் கூடாது. நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, ஓட்டத்தை நோக்கித் தலை இருக்குமாறு பிடித்திருந்து, அது தானாக வாலை அடித்து நகரும்போது விட வேண்டும். வெண்கெண்டை, சேல் கெண்டை, கருமுழிக் கெண்டை ஆகியவற்றை ஆற்றுக்கே திருப்பி விடலாம். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று காவிரியெங்கும் பெருகிவிட்ட ஜிலேபி மீன் அதே பூச்சிக்கு விழும். அது உள்நாட்டு மீன்களின் இரைக்கும் இடத்துக்கும் போட்டியாக இருப்பது. குழம்புக்கு எடுத்துப் போக வேண்டியது அதைத்தான்.